அக்கா வீட்டுப் பத்திரம்

பெரியம்மா இறந்த அன்று அவளுடைய போட்டோ ஒன்றைத் தேடி வீட்டையே புரட்டிப் போட்டோம். பேனர் அடிக்கிற கடையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பெரியம்மா அடுப்படியை விட்டு வெளியே வராதவள். எந்தப் படத்திலும் அவள் முகம் முழுசாக விழுந்ததில்லை. என்ன செய்வதென்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது மாமா எழுந்து வெளியே போனார். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தார். கவருக்குள் சின்னச் சின்னக் காகித உறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். பெரியம்மாவின் பெயர் எழுதிய உறையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை உருவி அவள் மகனிடம் நீட்டினார்.

“பெருசு பண்ணிட்டு இதைத் திருப்பிக் குடுத்துடு சாமி. இன்னும் நாலுதான் கெடக்குது.”

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் புகழ்ந்தார்கள். கூடப் பிறந்தவள் மேல் எவ்வளவு பாசம் இருந்தால் படத்தைக் கூடவே வைத்திருப்பார் என்றார்கள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அந்த உறைகளில் ஒன்று என் பெயரிலும் இருந்தது, என் அம்மா பெயரில் இருந்த உறைதான் எல்லாவற்றிலும் தடிமனானது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. 

அவர் பெயரை இங்கே எழுத எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அவர் மாமா. என் அம்மாவின் ஒரே தம்பி. அவர்கள் மூன்று பேர். பெரியம்மா, அம்மா, கடைசியாக அவர். இரண்டு அக்காமார் இடுப்பு மாற்றி இடுப்பு தூக்கி வளர்த்த பிள்ளை. அம்மா அவரிடம் ‘மாட்டேன்’ என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். வெள்ளைச் சட்டை, பையில் நீல மை ஒன்று, கறுப்பு மை ஒன்று என்று இரண்டு பேனா. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அந்தப் போட்டோ கவரோடு ஒரு ஸ்டாம்ப் பேடும் மடித்த பழைய துணியும் எப்போதும் இருக்கும். கைநாட்டு வைக்கிற கிழவிகளின் கட்டை விரலை அவரே பிடித்து மையில் ஒற்றுவார், பாரத்தில் உருட்டுவார், பிறகு அந்தத் துணியால் பக்குவமாகத் துடைத்துவிடுவார். குழந்தைக்கு வாய் துடைக்கிற மாதிரி இருக்கும். அந்தக் கிழவிகள் அதிலேயே உருகிப்போவார்கள். பெற்ற பிள்ளைகள்கூடத் தொடாத கையை இவர் தொடுகிறாரே என்று.

தொழில் என்று கேட்டால் ரியல் எஸ்டேட் என்பார். அதியமான்கோட்டைப் பக்கம் ரோட்டை ஒட்டி எந்தக் காடு விலைக்கு வந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். வாங்கி, புதரைத் தள்ளி, செம்மண் கொட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டு, முகப்பில் ஒரு ஆர்ச் வைத்து, வாடகை ஷாமியானா போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தக்காளி சாதம் போட்டு மனை விற்பார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஊரில் பத்துப் பேர் செய்கிற வேலைதான். ஆனால் நிலம் வாங்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவர் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. காலி நிலத்தைக் காட்டிக் கடன் கேட்டால் பேங்க்காரர்கள் யோசிப்பார்கள். ஆகவே யாராவது குடியிருக்கிற வீட்டின் பத்திரத்தை ஈடு வைத்து, அந்தக் கடனில் காலி நிலம் வாங்குவார். மனை விற்றதும் கடனைக் கட்டிப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். தருவார் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். முதல் இரண்டு தடவை தரவும் செய்தார்.

ஏன் குடியிருக்கிற வீடு என்று ஒரு நாள் நானே கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலை நக்கிவிட்டுச் சொன்னார்.

“காலி எடத்தைப் பேங்க்காரன் புடிச்சான்னா அவனவன் வுட்டுட்டுப் போயிடுவான் பாப்பா. குடியிருக்கிற வூடுன்னு வெச்சுக்கோ, தாலிய வித்தாச்சும் கட்டுவான். அதான் அவங்களுக்குப் புடிக்குது.”

அதைச் சொல்லும்போது எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ பாடம் கேட்கிற மாதிரி தலையாட்டினேன். இருபத்தைந்து வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

எதைப் பார்த்தாலும் அவருக்கு அது ஈடாகுமா என்றுதான் தோன்றும். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் மற்றவர்கள் டைல்ஸைப் பார்ப்பார்கள், மாடிப்படியைப் பார்ப்பார்கள். அவர் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பட்டா மாறிவிட்டதா என்று கேட்பார். எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்து, ஏரியூர் பக்கம் போஸ்டிங் போட்ட சேதி கேட்டு வந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார். வாயில் ஒரு துண்டை ஊட்டிவிட்டு, “பர்மனென்ட்டா? பிடித்தம் போக கையில எவ்ளோ வரும்?” என்றார். அக்கறையில் கேட்கிறார் என்று விவரமாகச் சொன்னேன். மறு வாரமே என் பெயரில் ஒரு உறை தயாராகியிருக்கும்.

பூட்டி வைத்த பத்திரத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. “பீரோவுல படுத்துக்கெடக்கிற பத்திரம் செத்த பத்திரம்” என்பார். எங்கே போனாலும் இதைச் சொல்வார். கேட்கிறவர்களுக்குத் தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருக்கும். பீரோவைத் திறந்து அந்தப் பாவத்தைக் கழுவிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் பெண்கள் பிறந்த வீட்டுச் சொத்தில் பங்கு கேட்க மாட்டார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு தம்பியோ அண்ணனோ கூப்பிட்டால் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு சேலையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கேட்டால் பிறந்த வீடு நமக்கு வேண்டாமா என்பார்கள். அம்மாவும் பெரியம்மாவும் அப்படித்தான் போட்டார்கள். அன்றைக்கு மாமா இரண்டு அக்காமாரையும் காரில் கூட்டிப்போய், ஓட்டலில் ஏசி ரூமில் சாப்பாடு வாங்கிக்கொடுத்து, பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்கு அரக்கு, பெரியம்மாவுக்குப் பச்சை. அப்படி எழுதி வாங்கிய தாத்தா நிலத்தைத்தான் பிறகு விற்று தர்மபுரியில் மாடி வீடு கட்டினார். அந்த வீடு யார் பேரில் இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. தம்பி வீடு கட்டிவிட்டான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அம்மாவுக்கென்று இருந்தது இண்டூரில் எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா லாரி ஓட்டினவர். தொப்பூர் கணவாயில் நடந்த விபத்தில் போய்விட்டார். கேஸ் நடந்து வந்த நஷ்ட ஈட்டில் அம்மா ஒரு காசு தொடாமல் வாங்கியது அந்த வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு முருங்கை மரம். பத்திரம் கையில் வந்த அன்றே அம்மா அதை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் லேமினேஷன் போட்டுவிட்டாள். ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி, மழைத் தண்ணி படாது, கரையான் அரிக்காது என்று. அப்பாவின் உயிருக்கு வந்த காசில் வாங்கியது அல்லவா. ஆண்டுக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு அதை வெளியே எடுத்துப் பொட்டு வைத்துத் திரும்ப உள்ளே வைப்பாள். பொட்டு லேமினேஷன் மேல்தான் ஒட்டும், மறுநாள் துடைத்துவிடலாம்.

மாமா அதைக் கேட்டு வந்தது என் கல்யாணம் முடிந்த பதினைந்தாவது நாள். என் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் என்று அவர் செய்ததைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. மேளதாளத்தோடு இருபத்தொரு தட்டு, எனக்கு ஒரு ஆரம், மாப்பிள்ளைக்கு மோதிரம். அப்பா இல்லாத குறை தெரியாமல் மண்டபத்து வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை நீட்டும்போது எப்படி இல்லை என்பது? அதை அவர் நன்றாகக் கணக்குப் போட்டிருந்தார்.

“ஆறே மாசம் அக்கா. அதியமாங்கோட்டைல எடம் முடியுது. முன்பணம் குடுத்தாச்சு. இதைக் கட்டலைன்னா அதுவும் போயிடும். உன்னை வுட்டா எனக்கு யாரு இருக்கறாங்க?”

அம்மா பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கையில் வாங்கிப் பார்த்த மாமாவின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். செத்த எலியைத் தொட்டவர் மாதிரி கையை உதறினார்.

“என்ன அக்கா இப்படிப் பண்ணி வெச்சிருக்கற? லேமினேஷன் போட்டா பேங்க்ல வாங்க மாட்டாங்க. வக்கீலு முத்திரைத்தாளைத் தடவிப் பாக்கணும் இல்ல?”

அம்மா பதறிவிட்டாள். தப்பு செய்த பிள்ளை மாதிரி நின்றாள். அப்படியே போகட்டும் என்று விட்டிருந்தால் அந்த வீடு தப்பியிருக்கும். ஆனால் அவர் விடுகிற ஆளா? “பாப்பா, இஸ்திரிப் பொட்டி இருக்குதா?” என்றார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான்தான் பிளக்கில் சொருகினேன். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

அந்த மத்தியானம் முழுக்க அவர் எங்கள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பத்திரத்தின் பிளாஸ்டிக்கை உரித்தார். மேலே ஒரு துண்டை விரித்து, மிதமான சூட்டில் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுத்து, பசை இளகியதும் ஓரத்தில் பிளேடால் கீறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு எழுத்துகூட அழியவில்லை. ஒரு தாளின் மூலை கொஞ்சம் கிழிந்தபோது ‘ச்சே’ என்று உண்மையாகவே வருந்தினார். நெற்றியில் வியர்வை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டாள். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு பிரியமாக அவர் எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. முடித்துவிட்டு, உரித்த பிளாஸ்டிக்கையெல்லாம் சுருட்டி எங்கள் வீட்டுக் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அடமானத்தைப் பதிவு செய்ய ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோம். பேங்க்கில் முடியாது என்று சேலத்தில் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் ஏற்பாடு செய்திருந்தார். அம்மா மூன்றாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போட்டேன்.

ஆறு மாதம் ஒரு வருஷமானது. லே அவுட்டுக்கு அனுமதி வரவில்லை, ஓடைப் புறம்போக்கு கொஞ்சம் உள்ளே வந்துவிட்டது என்றார். அடுத்த வருஷம் மார்க்கெட் டல் என்றார். ஒரு வீட்டுக் கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு வீட்டின் பத்திரத்தை வைத்தார். பெரியம்மா வீடு அப்படித்தான் உள்ளே போனது. பெரியம்மா இறந்த அன்று போட்டோவைத் திருப்பிக் கேட்டாரே, அதுவும் கடன் பாரத்தில் ஒட்ட எடுத்து வைத்ததுதான். பதினாறாம் நாள் முடிந்த கையோடு வாரிசுச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அவள் மகனை நச்சரித்தார். கடனைப் பிள்ளை பெயருக்கு மாற்றி மேல்கொண்டு வாங்கலாமாம். அந்தப் பையன் இப்போது ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். மனைக்கல் நட்ட இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்து ஆர்ச்சையே மூடிவிட்டது. மாமாவின் சட்டை மட்டும் வெளுப்பு மாறவில்லை.

ஒரு நாள் பள்ளியில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். குரலில் ஒரே உற்சாகம்.

“பாப்பா, கவர்மென்ட்ல இருந்து ரெண்டு பேரு வந்து நம்ம செவுத்துல எழுதறாங்க. பெயிண்ட்ல. ஏதோ திட்டமாட்டம் இருக்குது. மோரு குடுத்தன்.”

“என்னம்மா எழுதறாங்க?”

“தகடு வெச்சு வெச்சு எழுதறாங்க. நல்லா மேல எழுதுங்கப்பா, கீழ மழைச்சாரல் அடிக்கும்னு சொன்னன். சரிங்க ஆயான்னு எழுதிட்டுப் போனாங்க.”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்தேன். தெருமுனையிலேயே தெரிந்தது. வாசலுக்கு வலப்பக்கம், ஆள் உயரத்துக்கு மேல், சிவப்பு எழுத்து. இந்தச் சொத்து எங்கள் நிறுவனத்தில் அடமானத்தில் உள்ளது, கடன் நிலுவையில் உள்ளது, யாரும் வாங்கவோ விற்கவோ கூடாது. கீழே கடன் எண். அம்மா அதற்குக் கீழே புதுசாகக் கோலம் போட்டு வைத்திருந்தாள். நான் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே போய், அந்த ஆட்கள் மோர் குடித்த இரண்டு டம்ளரையும் எடுத்துக் கழுவத் தொடங்கினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

என் சம்பளத்துக்குக் கடன் கேட்டாலும் அவர்கள் கேட்ட தொகையில் பாதிகூட வராது. அறுபது நாளுக்குள் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று கம்பெனி அனுப்பிய நோட்டீசில் இருந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது. மாமாவுக்கு மாடி வீடு இருக்கிறதே, அதன் மேல் என்னென்ன கடன் இருக்கிறது பார்க்கலாம் என்று கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குப் போட்டால் வரிசையாகப் பதிவு. பெரியம்மா வீட்டுக்கும் அப்படியே. மாமா வீட்டுக்குப் போட்டேன். வில்லங்கம் ஏதும் இல்லை. கட்டிய நாளிலிருந்து ஒரே ஒரு அடமானம்கூட இல்லை. எங்கள் பத்திரங்களை எல்லாம் எழுப்பிவிட்ட மனுஷன் தன் பத்திரத்தைச் சலனமில்லாமல் தூங்கவிட்டிருக்கிறார். சென்டர் பையன் என்ன மேடம் ஒரு மாதிரி ஆயிட்டீங்க என்றான். ஒன்றுமில்லை, பிரிண்ட் எடு என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாய் நிறையச் சிரிப்போடுதான் வரவேற்றார்.

“வா அக்கா. வா பாப்பா. உக்காருங்க. காப்பி போடச் சொல்றன்.”

நான் காகிதத்தை டீப்பாயில் வைத்தேன். “மாமா, இந்த வூட்டு மேல ஒண்ணும் இல்ல. இதை வெச்சு அம்மா வூட்டை மீட்டுக் குடுங்க. மத்தது எதுவும் நான் கேக்கல.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பொறுமையாகப் படித்தார். சர்வே நம்பர் சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தார்.

“அது ஆவாது பாப்பா. இந்த வூடு உங்க அத்தை பேர்ல இருக்குது.”

“இருந்தா என்ன மாமா?”

“பொம்பள சொத்துல கை வெக்கலாமா? பாவம் இல்ல? நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ எங்க போயி நிப்பா?”

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“அப்ப நான் யாருடா?”

“நீ அக்கா” என்றார்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேலியாகவும் சொல்லவில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்பது போலச் சொன்னார். என் முப்பத்தைந்து வயதில் எத்தனையோ கெட்ட வார்த்தை கேட்டிருக்கிறேன். பஸ்ஸில், சந்தையில், பள்ளிக்கு வருகிற குடிகார அப்பன்களிடம். அந்த ‘அக்கா’ அளவுக்கு அசிங்கமாக ஒரு வார்த்தை என் காதில் விழுந்ததில்லை. அவருக்கு அக்கா என்றால் பெண் கிடையாது. விதவை கிடையாது. போக்கிடம் தேவைப்படுகிற ஒரு உயிர் கிடையாது. கேட்டால் கொடுக்கிற ஒரு ஏற்பாடு. எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போல் இருந்தது. துப்பவில்லை. அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தாள். அம்மா தொடவில்லை. நான் பழக்க தோஷத்தில் எடுத்துக் குடித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மீதே ஆத்திரமாக வருகிறது.

வீடு ஏலத்துக்குப் போனது. எடுத்தவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். நல்ல மனிதர். சாவி வாங்க வந்த அன்று சங்கடமாக நின்றார். அம்மாவிடம் தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

“எனக்கு ஏலம் கீலம் ஒண்ணும் தெரியாதுங்க. உங்க தம்பிதாங்க கூட்டிட்டுப் போனாரு. தெரிஞ்சவங்க வூடு, தாய்ப்பத்திரம் சுத்தமா இருக்குது, தைரியமா எடுங்கன்னாரு. அவருக்கு உண்டானதையும் குடுத்துட்டனுங்க.”

அவருக்கு உண்டானது. தன் அக்கா வீட்டை ஈடு வைத்துத் தின்றவர், அது ஏலத்துக்குப் போனபோது ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷனும் வாங்கியிருக்கிறார். நான் வாய் திறந்து ஏதோ சொல்லப் போனேன். அம்மா என் கையை அழுத்தினாள். மண்டிக்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “செவுத்துல இருக்கிற அந்த எழுத்தை மட்டும் அழிச்சுடுங்க சாமி.” அவர் மறுநாளே வெள்ளையடித்துவிட்டார்.

அம்மா இப்போது எங்களோடு தர்மபுரியில் வாடகை வீட்டில் இருக்கிறாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. திட்டினாலாவது பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. யாராவது அவரைப் பற்றிப் பேச்சை எடுத்தால் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள். மனசுக்குள் இன்னும் மன்னித்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஒரு நாள் அவர் வந்து நின்றால் மறுபடி உருகிவிடுவாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். விட்டுக்கொடுக்க அவளிடம் இனி வீடு இல்லை. ஆனால் என் கையெழுத்து இருந்தது. அம்மா சொன்னால் நான் போட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

போன மாதம் அவர் வந்தார். மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கையில் பைல், பையில் இரண்டு பேனா.  நான் எழுவதற்குள் அம்மா எச்சில் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். பாதிதான் திறந்தாள்.

“யாருங்க வேணும்?”

“அக்கா, நான்தான்.”

“நீங்க யாருங்க?”

அவர் சிரித்தார். “வெளையாடாத அக்கா. பாப்பா இருக்குதா? ஒரு பாரத்துல கையெழுத்து வாங்கணும். கவர்மென்ட் சம்பளக்காரங்க ஒருத்தரு வேணுமாம், சும்மா பேருக்குத்தான்.”

“டீச்சரு யாரையும் பாக்கறதில்லீங்க.”

“அக்கா, தள்ளு, உள்ள வரன். வெயிலு.”

அம்மா தள்ளவில்லை.  

“எனக்குத் தம்பி யாரும் இல்லீங்க. நீங்க வூடு மாறி வந்துட்டீங்க.”

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே அவர் இரண்டு முறை தட்டினார். பிறகு ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அம்மா வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். 

“ரசம் ஊத்து” என்றாள்.